முதல் ட்ரைசூட் வாங்கப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஏப்ரல் கடைசியில் ஸ்காட்லாந்தில் திடீரென்று நான்கு நாள் நல்ல வெயில் அடிக்கும். கிளாஸ்கோ பூங்காக்களில் ஆட்கள் அரைக்கைச் சட்டையோடு புல்லில் படுத்திருப்பார்கள், ஐஸ்கிரீம் வண்டிக்கு முன்னால் வரிசை நிற்கும், கயாக் விற்கும் கடைகளிலும் கூட்டம் கூடும். அதே நாளில் மேற்குக் கரையில் கடலுக்குள் கையை விட்டுப் பாருங்கள், 8 அல்லது 9 டிகிரிதான் இருக்கும். காற்று ஒரே வாரத்தில் சூடாகிவிடும், கடலுக்கு மாதக்கணக்கில் ஆகும். இங்கே கடல் மிகவும் குளிர்ந்து கிடப்பது பிப்ரவரி, மார்ச்சில். ஆகஸ்டில்கூட 13, 14 டிகிரிக்கு மேல் போனால் அதிசயம். அதனால்தான் இங்கே துடுப்புப் போடுகிறவர்கள் எல்லோரும் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் ஒன்று சொல்வார்கள்: வெயிலைப் பார்த்து உடுத்தாதே, தண்ணீரைப் பார்த்து உடுத்து.

நான் நாகர்கோவில்காரி. முட்டம் கடலில் கால் நனைத்து வளர்ந்த உடம்பு இது. தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும், நனையும், அவ்வளவுதானே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். லாக் லோமண்ட் ஏரியில் முதல் தடவை கயாக் கவிழ்ந்தபோது நீச்சல் தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை, மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது, வெளியே வரவே இல்லை. கரையிலிருந்து 20 மீட்டர் தூரம்கூட இருக்காது. இந்தக் கட்டுரையை எழுத அந்த 20 மீட்டர்தான் காரணம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, நார்வே, கனடா என்று குளிர்நாடுகளில் இருக்கும் நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர் கயாக், துடுப்புப் பலகை, பாய்மரப் படகு என்று தண்ணீரில் இறங்குகிறார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் சரியான உடுப்போடு இறங்க வேண்டும். குளிர்ந்த தண்ணீருக்கு அப்படி ஒன்றுதான் ட்ரைசூட், கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீர் புகாமல் மூடிய முழு உடுப்பு.

தண்ணீர் உடம்புக்கு என்ன செய்கிறது

15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் தோல் அதிர்ந்துபோகும், நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சு உள்ளே இழுக்கப்படும். அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது காற்றாக இருக்காது. கனடாவில் மானிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் தன்னையே பனிக்கட்டித் தண்ணீரில் பலமுறை இறக்கி ஆராய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. மூச்சை வசப்படுத்த 1 நிமிடம், கைகால் உருப்படியாக இயங்க 10 நிமிடம், குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். கவனியுங்கள், குளிரில் உறைந்து சாவதற்கு நேரம் பிடிக்கும், அதற்கு ரொம்ப முன்னாலேயே மூச்சாலும் விரல்கள் மரத்துப் போவதாலும் ஆபத்து வந்துவிடுகிறது. பிரிட்டனின் உயிர்மீட்புப் படகு அமைப்பான ஆர்என்எல்ஐ, விழுந்தவுடன் நீந்தாதே, தலையைப் பின்னால் சாய்த்து மிதந்து மூச்சு திரும்பும்வரை காத்திரு என்று சொல்வதும் இதனால்தான்.

ட்ரைசூட் போட்டிருந்தால் இந்த முதல் அடி பெரிய அளவு குறைந்துவிடும். முகமும் கையும் மட்டும் நனையும், உடம்பு நனையாது. அப்புறம் அந்த 10 நிமிடம் என்பதும் நீளும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: உங்களுக்கு ட்ரைசூட் வேண்டுமா

வெட்சூட், ட்ரைசூட் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வெட்சூட் நியோபிரீன் என்ற பஞ்சுபோன்ற ரப்பரால் ஆனது, உடம்போடு ஒட்டியிருக்கும், கொஞ்சம் தண்ணீரை உள்ளே விடும், அந்தத் தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகும். தொடர்ந்து தண்ணீரிலேயே இருக்கிற வேலைக்கு, அலைச்சறுக்கு, நீச்சல் மாதிரி, அதுதான் நல்லது. ட்ரைசூட் தண்ணீரை உள்ளேயே விடாது. ஆனால் ட்ரைசூட் தானாக உங்களைச் சூடாக வைத்திருக்காது, அது வெறும் நீர்புகா உறை. உடம்புச் சூட்டைப் பிடித்துவைப்பது உள்ளே நீங்கள் போடும் துணி. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் ஒரே ட்ரைசூட்டை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் உள்துணியை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

பெயரில் ஒரு ஏமாற்று உண்டு. செமி-ட்ரை என்று எழுதி விற்பதில் பெரும்பாலானவை தடித்த வெட்சூட்தான். கேட்டு வாங்குங்கள்.

கோடையில் கரையோரம் ஒரு மணி நேரம், ஆழம் இடுப்பளவு, கூட ஆள் இருக்கிறார்கள் என்றால் வெட்சூட் போதும், அவசரப்பட்டு பெரிய பணம் போடாதீர்கள். ஐஸ்லாந்துக்குச் சுற்றுலா போய் சில்ஃப்ராவில் ஒரு நாள் மட்டும் ஸ்நார்க்கல் செய்யப் போகிறீர்களா, அங்கே தண்ணீர் 2 முதல் 4 டிகிரிதான், ஆனால் அழைத்துப் போகிறவர்களே ட்ரைசூட் கொடுத்துவிடுவார்கள், வாங்க வேண்டாம். ஊரில் கோவளத்திலோ ராமேஸ்வரத்திலோ கயாக் ஓட்டுகிறவர்களுக்கு இது தேவையே இல்லை, அங்கே இதைப் போட்டால் வெந்துபோவோம். ஆனால் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் இறங்கப் போகிறீர்கள், அல்லது கரையை விட்டு நீந்தித் திரும்ப முடியாத தூரம் போகப் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் ட்ரைசூட்.

இரண்டாவது: மேலே இருக்கப் போகிறீர்களா, ஆழத்தில் போகப் போகிறீர்களா

ஸ்கூபா டைவிங்குக்கான ட்ரைசூட் வேறு, கயாக், துடுப்புப் பலகை, பாய்மரப் படகுக்கான ட்ரைசூட் வேறு. இதை மாற்றி வாங்கிப் பணத்தை வீணாக்கியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், சூட்டுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும், துணி உடம்பைக் கவ்விப் பிடிக்கும். அதனால் டைவிங் சூட்டில் மார்பில் காற்று விடும் வால்வும், தோள்பக்கம் காற்றை வெளியேற்றும் வால்வும் இருக்கும், அதைப் பழகத் தனியாகப் பயிற்சியும் எடுக்க வேண்டும். கயாக் சூட்டில் இந்த வால்வுகள் கிடையாது, அதைப் போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போகவே கூடாது. மறுபக்கம், டைவிங் சூட்டைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் துடுப்புப் போட்டால் வியர்வையில் குளித்துவிடுவீர்கள், ஏனென்றால் பெரும்பாலும் அதன் துணி நடுவில் ரப்பர் வைத்து ஒட்டியது, ஆவியை வெளியே விடாது. இனி நான் சொல்லப் போவதெல்லாம் தண்ணீருக்கு மேலே இருப்பவர்களுக்கு.

துணி

இதைச் சுருக்கமாகவே முடித்துக்கொள்கிறேன், கடைக்காரர்கள் இதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். வெளியே நைலான், நடுவில் ஆவியை மட்டும் விடும் மெல்லிய சவ்வு, உள்ளே இன்னொரு துணி, இதுதான் மூன்றடுக்கு. கலிபோர்னியாவின் கோகடாட் கோர்-டெக்ஸ் சவ்வுக்குப் பெயர் போனது, இங்கிலாந்தின் பாம், பீக் யூகே, அமெரிக்காவின் என்ஆர்எஸ் போன்றவர்கள் சொந்தச் சவ்வுத் துணிகளிலும் தைக்கிறார்கள். மூன்றடுக்காவது இருக்கட்டும், முழங்காலிலும் உட்காரும் இடத்திலும் கூடுதல் துணி வைத்துத் தைத்திருக்கட்டும். அது போதும். பிராண்டுக்காக 300 பவுண்டு கூடுதலாகக் கொடுப்பதைவிட அந்தப் பணத்தில் நல்ல உள்துணியும் ஒரு நாள் மீட்புப் பயிற்சியும் வாங்கலாம் என்பது என் கட்சி.

நிறம் மட்டும் பளிச்சென்று இருக்க வேண்டும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். கருப்பும் கடல்நீலமும் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் அலைக்கு நடுவில் ஒரு தலையைத் தேடுகிற படகுக்காரருக்கு அது தெரியாது.

சீல்: கழுத்தும் மணிக்கட்டும்

சீல் என்பது தண்ணீர் உள்ளே வராமல் தோலை இறுக்கிப் பிடிக்கும் விளிம்பு. ட்ரைசூட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. துணி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் கழுத்தில் சீல் சரியாக உட்காரவில்லை என்றால் அது வெறும் மழைக்கோட்டு.

சீல் பெரும்பாலும் இரண்டு வகை. லேடெக்ஸ், அதாவது ரப்பர் பாலில் செய்த மெல்லிய சவ்வு, எங்கள் குமரி மாவட்டத்துத் தோட்டங்களில் சிரட்டையில் வடியும் அதே ரப்பர் பால் குடும்பம்தான். நன்றாக இழுபடும், தோலோடு ஒட்டும், தண்ணீரை விடாது, ஆனால் எளிதில் கிழியும், சில வருடங்களில் கெட்டுப்போகும். அடுத்தது நியோபிரீன், தடிப்பாக இருக்கும், உழைக்கும், கழுத்துக்குச் சுகமாக இருக்கும், ஆனால் துளித்துளியாகத் தண்ணீர் விடலாம். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நியோபிரீன்தான் வழி. டைவிங் சூட்டுகளில் சிலிகான் சீல்கூட வளையம் வைத்து மாட்டுவார்கள். புதியவர்களுக்கு என் யோசனை லேடெக்ஸ், ஏனென்றால் புதியவர்கள்தான் அதிகம் கவிழ்வார்கள், கவிழ்ந்தால் அதிக நேரம் தண்ணீரில் கிடப்பார்கள்.

இப்போது நம்மவர்களுக்கு என்றே சில விஷயங்கள், இதை இங்குள்ள எந்தக் கடையிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு லேடெக்ஸ் கழுத்தைத் தலை வழியாக மாட்டாதீர்கள். எண்ணெய் லேடெக்ஸைத் தின்றுவிடும், முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் உப்பும், ஒரு நாள் மாட்டும்போது பிளந்துகொள்ளும். என் முதல் கழுத்து சீல் அப்படித்தான் போனது, பின்கழுத்துப் பக்கம் மட்டும், ஜடை உரசுகிற இடத்தில், ரப்பர் தேன்மெழுகு மாதிரி ஆகியிருந்தது. சன்ஸ்கிரீனும் அதே வேலையைச் செய்யும், அதனால் சூட்டை மாட்டிய பிறகு பூசி, கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். நீள முடி இருந்தால் சீலுக்கு அடியில் நாலு முடி மாட்டினாலும் போதும், அதன் வழியே தண்ணீர் திரி மாதிரி இறங்கும். ஜடையை உச்சியில் கட்டிக்கொண்டு, மாட்டி முடித்தபின் ஒரு விரலைச் சீலுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தாடி நீளமாக வைத்திருப்பவர்களுக்கும் இதே சோதனை.

வளையல், மோதிரம், கைக்கடிகாரம், மெட்டி எல்லாம் மாட்டும் முன் கழற்ற வேண்டும். சில சூட்டுகளோடு சேர்ந்தே வரும் லேடெக்ஸ் சாக்ஸை மெட்டி உள்ளிருந்து கிழிக்கும், கிழிந்தது தெரியக்கூடத் தெரியாது. தாலிச் சங்கிலி கழுத்து சீலுக்கு அடியில் மாட்டினால் தண்ணீர் வரும். கழற்ற மனமில்லாதவர்கள் சங்கிலி முழுவதும் சீலுக்குக் கீழே, மார்புப் பக்கம் இறங்கும்படி நீளமாகப் போட்டுக்கொள்ளலாம், எங்கள் கிளப்பில் ஒரு அக்கா பல வருடமாக அப்படித்தான் போகிறார்.

அளவு: புது லேடெக்ஸ் கழுத்து இறுக்கமாகத்தான் இருக்கும், முதல் பத்து நிமிடம் சங்கடமாக இருப்பது சகஜம். ஆனால் தலை சுற்றினாலோ, கண் இருட்டினாலோ, முகம் கனத்தாலோ அது சகஜமில்லை, கழுத்தின் இருபக்கமும் ஓடும் ரத்தக்குழாய்களை அது அழுத்துகிறது, உடனே கழற்றுங்கள். சீலில் வளையம் வளையமாகக் கோடுகள் இருக்கும், ஒரு வளையத்தைக் கூரான கத்தரியால் ஒரே இழுப்பில் வெட்டி, மாட்டிப் பார்த்து, வேண்டுமென்றால் அடுத்ததை வெட்டலாம். பிசிறு விடக்கூடாது, பிசிறு இருக்கும் இடத்தில்தான் கிழிசல் தொடங்கும். வெட்டும் முன், ஒரு பாத்திரத்தின் மேல் சீலை இழுத்து மாட்டி ஒரு இரவு விட்டுப் பாருங்கள், பலருக்கு அதிலேயே தளர்ந்துவிடும். கூடுதலாக வெட்டிவிட்டால் ஒட்டவைக்க முடியாது, ஞாபகம் இருக்கட்டும்.

மணிக்கட்டில் வேறு ஒரு சிக்கல். துடுப்பை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், உள்மணிக்கட்டில் இரண்டு நரம்புக்கயிறு புடைத்து நடுவில் ஒரு வாய்க்கால் விழும். மெலிந்த கைக்காரர்களுக்கு அந்த வாய்க்கால் ஆழம். தண்ணீர் அதன் வழியே முழங்கைவரை ஏறும். சீலை இரண்டு விரல் அகலம் மேலே ஏற்றி, கை கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருக்கும் இடத்தில் உட்காரவைத்தால் நின்றுவிடும். கடையில் வெறுங்கையோடு அளவு பார்க்காமல் எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாருங்கள், ஒரு குடைக்காம்பு போதும்.

ஜிப்

பித்தளைப் பல் ஜிப், பிளாஸ்டிக் ஜிப் என்று இரண்டு. பித்தளை உறுதியானது, ஆனால் மடித்து நெரித்தால் பல் வளையும், உப்பில் பச்சை பூக்கும், தேன்மெழுகோ பாரஃபின் மெழுகோ தடவிவர வேண்டும். பிளாஸ்டிக் லேசானது, வளையும், இப்போது பெரும்பாலான கயாக் சூட்டுகளில் இதுதான் வருகிறது, இதற்கு ஜிப் முடியும் முனையில் மட்டும் கொஞ்சம் சிலிகான் கிரீஸ் வைத்தால் போதும்.

முதுகுத் தோளில் குறுக்கே போகும் ஜிப்பை மூட இன்னொரு ஆள் வேண்டும், தனியாகப் போகிறவர்கள் முன்பக்கம் சாய்வாகப் போகும் ஜிப்பையே வாங்குங்கள். ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜிப்பின் கடைசி ஒரு சென்டிமீட்டர்தான் எல்லாம். ஒருமுறை மார்ச் மாதம், கிளைட் முகத்துவாரத்தில், ஜிப்பை முழுக்க இழுத்துவிட்டதாக நினைத்து இறங்கினேன். ஓடி முடியும் இடத்தில் ஸ்லைடர் உள்ளே போய் உட்காரவில்லை, ஒரு விரல்நகம் அளவு இடைவெளி. மீட்புப் பயிற்சிக்காக வேண்டுமென்றே கவிழ்ந்தபோது ஐஸ் ஊசி மாதிரி ஒரு தாரை முதுகில் இறங்கியது, இரண்டு நிமிடத்தில் இரண்டு காலும் குடமாக நிரம்பிவிட்டது. தண்ணீர் நிறைந்த சூட் உங்களைக் கீழே இழுக்காது, உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் அதே தண்ணீர்தான், ஆனால் அந்தக் காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் படகில் போட முடியாது. மூன்று தடவை முயன்றேன். பயிற்சி என்பதால் சுற்றி ஆள் இருந்தார்கள், தோளைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன். இப்போது தண்ணீரில் இறங்கும் முன் ஒருவர் ஜிப்பை இன்னொருவர் விரலால் தொட்டுப் பார்ப்பது எங்கள் கூட்டத்தின் வழக்கம். கண்ணால் பார்த்தால் போதாது, தொட வேண்டும்.

ஜிப் மாற்றுவதுதான் பெரிய செலவு, 100 பவுண்டுக்கு மேலே போகும். பழைய சூட் வாங்கினால் முதலில் ஜிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

சிறுநீர் ஜிப் பற்றியும் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். அது இல்லாத சூட்டோடு நீண்ட பயணம் போனால் என்ன செய்வீர்கள் தெரியுமா, தண்ணீரே குடிக்க மாட்டீர்கள். ஐந்து மணி நேரம் குடிக்காமல் துடுப்புப் போட்டால் தலைவலி, தளர்ச்சி, தப்பான முடிவுகள். ஆண்களுக்கு முன்பக்க ஜிப், பெண்களுக்குப் பின்பக்கம் வளைவாகத் திறக்கும் ஜிப். பெண்கள் சூட்டில் அது இருந்தால் விலை கூடும், கூடினாலும் வாங்குங்கள், மற்ற எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

கால்

சாக்ஸ் சூட்டோடு சேர்ந்தே வர வேண்டும், கணுக்காலில் சீல் வைத்தது வேண்டாம், பாதம் நனைந்தால் நாள் முழுக்க நடுக்கம்தான். துணி சாக்ஸ் லேடெக்ஸைவிட உழைக்கும். அதன் மேல் ஒரு ஜோடி நியோபிரீன் ஷூ, ஒரு அளவு பெரிதாக, ஏனென்றால் உள்ளே கம்பளிச் சாக்ஸும் போடுவீர்கள். வெறும் சாக்ஸோடு கூழாங்கல் கரையில் நடக்கக் கூடாது, ஒரு சின்ன மணல் பரல் உள்ளே உரசினாலே ஓட்டை விழும்.

கயாக்கில் ஸ்ப்ரே டெக், அதாவது உட்காரும் குழியைத் தண்ணீர் புகாமல் மூட இடுப்பில் மாட்டும் உறை, போடுகிறவர்கள் இடுப்பில் இரட்டை மடிப்பு வைத்த சூட்டைப் பாருங்கள், டெக்கின் குழாய் அதற்குள் போய்விடும், தண்ணீர் மடியில் இறங்காது. துடுப்புப் பலகைக்காரர்களுக்கு அது தேவையில்லை.

கடையில் போட்டுப் பார்ப்பது

இணையத்தில் விலை குறைவாக இருக்கலாம், ஆனால் முதல் ட்ரைசூட்டைக் கடையில் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அளவு அட்டவணைகள் ஐரோப்பிய உடம்புக்குப் போட்டவை, நம் ஆட்களில் பலருக்கு இடுப்பு ஒரு அளவிலும் கால் நீளம் இன்னொரு அளவிலும் வரும். எனக்கு முதலில் விற்றவர் மார்பளவை மட்டும் பார்த்து எடுத்துக் கொடுத்தார், கால் நீளத்தில் ஒரு ஜாண் மிச்சம், அந்த மடிப்பெல்லாம் கணுக்காலில் சேர்ந்து படகுக்குள் கால்மிதிக்குப் போகவே முடியவில்லை. சில தயாரிப்பாளர்கள் குட்டை அளவும் கொடுத்த அளவுக்குத் தைத்தும் தருகிறார்கள், கேளுங்கள்.

போகும்போது குளிர்காலத்தில் எதை உள்ளே போடுவீர்களோ அதையே போட்டுக்கொண்டு போங்கள். சூட்டை மாட்டியதும் உட்கார்ந்து எழுந்து காற்றை வெளியேற்றுங்கள், எப்படி என்று கீழே சொல்கிறேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள், கவட்டை இழுக்கக் கூடாது. கையைக் குறுக்கே போட்டு உங்களையே கட்டிப்பிடியுங்கள், முதுகில் பிடிக்கக் கூடாது. அப்புறம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடுவது மாதிரி இடுப்பைத் திருப்புங்கள். குந்துங்கள். இதில் எதிலாவது துணி இழுத்தால் ஒரு அளவு பெரியதை எடுங்கள், முழங்காலுக்குக் கீழே பை மாதிரி தொங்கினால் ஒரு அளவு சிறியதை எடுங்கள். கடைக்காரர் பார்க்கிறாரே என்று நினைக்காதீர்கள், கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விலை புதிதாக என்றால் 500 பவுண்டுக்குக் கீழே நல்லது கிடைப்பது அரிது, நல்ல மூன்றடுக்குத் துணி, முன் ஜிப், சாக்ஸ் என்று போனால் 700இல் தொடங்கி 1,000ஐத் தாண்டும். பழையது தாராளமாக வாங்கலாம், நானே அப்படித்தான் தொடங்கினேன். சீல் கெட்டிருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம், விலையில் குறைத்துக் கேளுங்கள். ஜிப்பில் பல் போயிருந்தாலும், துணியைத் திருப்பிப் பார்க்கும்போது உள்ளடுக்கு தோல் உரிவது மாதிரி உரிந்தாலும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

உள்ளே என்ன போடுவது

பருத்தி வேண்டவே வேண்டாம். பனியன், ஜீன்ஸ் எதுவும். வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்பில் ஒட்டிச் சில்லிட்டுப்போகும். தோலையொட்டி மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ, அதன் மேல் ஃபிளீஸில் தைத்த ஒற்றை உடுப்பு. கோடையில் முதல் அடுக்கு மட்டும் போதும். சூடு போதுமா என்று பார்க்க ஒரே வழி, இறங்கும் முன் கரையோரம் கழுத்தளவு தண்ணீரில் ஐந்து நிமிடம் நிற்பது. வேர்த்தால் பயணத்தின்போது அவ்வப்போது தொப்பியைக் கழற்றித் தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் குளிர்ந்தால் நடுக்கடலில் உள்துணியைக் கூட்ட முடியாது.

மூன்று மணி நேரத்துக்குப் பிறகு கழற்றினால் உள்ளே ஈரம் இருக்கும், புதியவர்கள் உடனே ஓட்டை என்று பயந்துவிடுகிறார்கள். வியர்வை முதுகு, மார்பு என்று பரவலாக இருக்கும். ஓட்டை என்றால் ஒரே இடத்தில், ஒரு கையில் மட்டும், ஒரு பாதத்தில் மட்டும், சொட்டச் சொட்ட இருக்கும்.

முதல் தடவை தண்ணீரில்

சீலின் உள்பக்கம் வாசனை சேர்க்காத டால்க் பவுடர் கொஞ்சம் தடவிக்கொண்டு மாட்டுங்கள். கழுத்தைத் தலை வழியே விடும்போது விளிம்பைப் பிடித்து இழுக்காமல் இரண்டு கை விரல்களையும் உள்ளே விட்டு அகட்டி, நகம் படாமல் இறக்க வேண்டும். ஜிப் மூடியதும் குந்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கழுத்து சீலில் ஒரு விரலை விட்டு லேசாகத் திறவுங்கள், புஸ்ஸென்று காற்று போகும். இப்படிச் செய்யாவிட்டால் பலூன் மாதிரி மிதப்பீர்கள், காலில் காற்று ஏறிப் படகில் ஏறுவதற்கு இடைஞ்சல் பண்ணும்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று, மல்லாந்து மிதந்து, முகத்தை முக்கி, படகிலிருந்து வேண்டுமென்றே விழுந்து, மறுபடி ஏறிப் பழகிய பிறகுதான் தூரம் போக வேண்டும். மேலே எப்போதும் லைஃப் ஜாக்கெட். ட்ரைசூட் மிதவை கிடையாது, அதில் இருக்கும் காற்று ஒரு கிழிசலில் போய்விடும். குளிர்காலத்தில் கைக்கும் தலைக்கும் நியோபிரீன் உறையும் வேண்டும், ஏனென்றால் அந்த 10 நிமிடத்தில் முதலில் உங்களைக் கைவிடுவது விரல்கள்தான்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஜிப்பை ஒரு பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து மணலை எடுத்து, நிழலில் தொங்கவிடுங்கள், வெயிலில் லேடெக்ஸ் சீக்கிரம் கெடும். உள்பக்கம் காயாவிட்டால் புறம் திருப்பிப் போடுங்கள். வெளித்துணியில் தண்ணீர் முத்து முத்தாக ஓடாமல் ஊறத் தொடங்கினால் நீர்விலக்கி திரவம் போட்டுத் துவைக்க வேண்டிய நேரம், ஊறிய துணி ஆவியை விடாது. வருடத்துக்கு ஒருமுறை கழுத்தையும் கையையும் பாட்டில் வைத்து அடைத்து, சூட்டைக் காற்றால் நிரப்பி, சோப்பு நுரையைப் பஞ்சால் தடவிப் பாருங்கள், குமிழி வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, காய்ந்தபின் உள்பக்கமிருந்து அக்வாஷ்யூர் மாதிரியான யூரேத்தேன் பசை தடவி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். சனிக்கிழமை போவதாக இருந்தால் இதை வியாழக்கிழமையே செய்துவிட வேண்டும்.